எல்இடிக்கு மாறுவது: எந்த விளக்கை முதலில் கழற்றுவது, எதை அப்படியே விடுவது

வீட்டில் உள்ள எல்லா விளக்கையும் ஒரே நாளில் கழற்றிப் போட வேண்டியதில்லை. விளக்கு எத்தனை வாட் என்று பார்ப்பதோடு, தினமும் எத்தனை மணி நேரம் எரிகிறது என்றும் பார்க்க வேண்டும். பரணில் தொங்கும் 60 வாட் குண்டு பல்பை மாதத்தில் அரை மணி நேரம்தான் போடுகிறீர்கள் என்றால், அது ஃபியூஸ் போகும் வரை அங்கேயே இருக்கட்டும். வாசலில் விடிய விடிய எரிகிறதே, அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுவதால் கணக்கையும் 60 நாளுக்கே போடுவோம். வாட்டை ஒரு நாள் எரியும் மணியால் பெருக்கி, 60-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும்.

வாசல் விளக்கு இரவு முழுக்க 12 மணி நேரம் எரிகிறது என்று வையுங்கள். 60 வாட் குண்டு பல்பு என்றால் 43.2 யூனிட். 15 வாட் சிஎஃப்எல் என்றால் 10.8. 7 வாட் எல்இடி என்றால் 5 யூனிட்தான்.

அடுத்தது சோக்கு டியூப்லைட். டியூபில் 40 வாட் என்று அச்சிட்டிருக்கும்; ஆனால் பட்டிக்குள் இருக்கும் பழைய செம்புக் கம்பி சோக்கு தன் பங்குக்கு இன்னும் 10 முதல் 15 வாட் எடுத்துச் சூடாகக் கொட்டும். ஆக மொத்தம் 52 வாட் அளவில் நிற்கும். ஹாலில் தினம் 6 மணி நேரம் எரிந்தால் 18.7 யூனிட். அதே இடத்தில் 20 வாட் எல்இடி பட்டி 7.2 யூனிட்டில் முடித்துவிடும். இப்படி நான்கு டியூப்லைட் இருக்கிற வீட்டில் 46 யூனிட் குறையும்.

பலரும் கவனிக்காத இடம் படுக்கையறையின் 'ஜீரோ வாட்' பல்பு. பெயர்தான் ஜீரோ. பழைய கண்ணாடிப் பல்பு உண்மையில் 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். இரவில் 9 மணி நேரம் எரிந்தால் 8 யூனிட் வரை போகும். அரை வாட் எல்இடி இரவு விளக்கு அதே வேலையைக் கால் யூனிட் சொச்சத்தில் செய்துவிடும். செலவோடு ஒப்பிட்டால் நல்ல லாபம் தரும் மாற்றம் இது.

நன்றாக எரிந்துகொண்டிருக்கும் 15 வாட் சிஎஃப்எல்லை 9 வாட் எல்இடியாக மாற்றினால் தினம் 5 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 1.8 யூனிட்தான் மிச்சம். அவசரமில்லை, அது ஓய்ந்த பிறகு மாற்றலாம்.

இந்தச் சேமிப்பு சில வீடுகளுக்கு மட்டும் கூடுதலாகப் பலிக்கும். வீட்டு இணைப்பில் இரண்டு மாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளின் விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையும் பறிபோகும். ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் பில் 200 ரூபாய்க்கு மேல் எகிறும். உங்கள் பழைய பில்களில் 510, 530 என்று எண்கள் இருந்தால், மேலே சொன்ன 46 யூனிட் உங்களைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துவிடும்.

மீட்டரை வைத்தே அளந்து பார்க்கலாம்

சோக்கு எவ்வளவு இழுக்கிறது என்பதை யார் சொல்லியும் நம்ப வேண்டாம். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னும். அதன் அருகே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால் 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். பிரிட்ஜ், இன்வெர்ட்டர், வைஃபை என எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நான்கு டியூப்லைட்டை மட்டும் போட்டு, ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே எத்தனை விநாடி என்று செல்போன் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். 36 லட்சத்தை மீட்டர் எண்ணாலும் விநாடியாலும் வகுத்தால் வாட். 3200 மீட்டருக்குச் சுருக்கமாக 1125-ஐ விநாடியால் வகுத்தால் போதும். 5.4 விநாடிக்கு ஒருமுறை மின்னினால் 208 வாட், அதாவது டியூப் ஒன்றுக்கு 52. ஒரே ஒரு 9 வாட் பல்பை வைத்து அளந்தால் மின்னலுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க நேரும். ஐந்தாறு பல்பைச் சேர்த்துப் போட்டு அளப்பது மேல்.

கடையில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

"60 வாட்டுக்குச் சமம்" என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, லூமன் எத்தனை என்று தேடுங்கள். வெளிச்சத்தின் அளவு அதுதான். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் 700, 800 லூமன் அளவில் இருக்கும். நல்ல 9 வாட் எல்இடி 900 லூமன் தரும். அதே 9 வாட் என்று 650 லூமன் தருகிற பல்பும் அதே அலமாரியில்தான் இருக்கும், பத்து ரூபாய் குறைவாக. 20 வாட் பட்டியில் 2000 லூமனுக்குக் குறைந்தால் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு "எல்இடி போட்டும் இருட்டாக இருக்கிறது" என்று வருகிற புகார்களில் பெரும்பங்கு இங்கே தொடங்குவதுதான்.

அடுத்து மின்னழுத்த வரம்பு. 100 முதல் 300 வோல்ட் வரை என்று போட்டிருப்பது நம் ஊருக்கு ஏற்றது. 220–240 என்று மட்டும் போட்டிருந்தால் கோடையில் சாயங்கால நேரத்துக் குறைந்த வோல்டேஜில் சிமிட்டும். மின்னெழுச்சித் தாங்கும் திறன் என்று 2.5 அல்லது 4 கிலோவோல்ட் எழுதியிருந்தால் நல்லது. இடி மின்னல் அதிகமுள்ள ஊரில் 4 தேடுங்கள். இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு வேலைக்குப் பயன்படுகிறது என்பதைக் காட்டும் பவர் ஃபேக்டர் 0.9-க்கு மேல் இருந்தால் இன்வெர்ட்டருக்கு நல்லது. 0.5 உள்ள 9 வாட் பல்பு இன்வெர்ட்டரின் மேல் 18 விஏ (வோல்ட்-ஆம்பியர்) சுமை ஏற்றும். மீட்டரில் இந்த வித்தியாசம் தெரியாது, அதனால்தான் யாரும் கேட்பதில்லை. பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாத பல்பைத் தொடவே வேண்டாம்.

வெளிச்சத்தின் நிறச்சாயலைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. நம் வீடுகளில் வெள்ளை என்றால் 6500 கெல்வின் என்றே பழகிவிட்டோம். சமையலறைக்கும் படிப்பு மேசைக்கும் அது பரவாயில்லை. படுக்கையறைக்கு 3000 அல்லது 4000 கெல்வின் கண்ணுக்கு இதமாக இருக்கும். பூஜை அறைக்கு 2700 அல்லது 3000 போட்டால்தான் குத்துவிளக்கின் வெளிச்சத்தோடு ஒட்டும். அங்கே 6500 போட்டால் படங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாட்டியதுபோல இருக்கும். வாசலுக்கும் மஞ்சள்சாயல் நல்லது, மழைக்காலத்தில் ஈசலும் பூச்சியும் நீலம் கலந்த வெள்ளைக்குத்தான் அதிகம் வரும். துணி தைப்பவர்கள், பட்டுச் சேலை பார்த்து எடுப்பவர்கள் சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு) 80-க்கு மேல், கிடைத்தால் 90, தேட வேண்டும். இல்லையென்றால் மெரூனும் பழுப்பும் ஒன்றாகவே தெரியும்.

கடைசியாக, ஹோல்டரில் மாட்டும் பல்பின் அடிப்பகுதி. இங்கே பெரும்பாலான ஹோல்டர்கள் இரண்டு ஆணி உள்ள பி22 வகை. அலங்கார விளக்கிலும் வெளிநாட்டுச் சாமான்களிலும் திருகுவகை இ27, சின்னதாக இ14 இருக்கும். பழைய பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் குழப்பமில்லாத வழி.

பல்பை மாற்றும்போது ஹோல்டரையும் பாருங்கள்

பல்பைத் திருப்பி மாட்டுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பல ஆண்டு குண்டு பல்பு எரிந்த பேக்கலைட் ஹோல்டர் உள்ளே வெந்து போயிருக்கும். மெயினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு ஸ்பிரிங் முனைகளும் அமுக்கினால் எகிறி மேலே வர வேண்டும். ஒன்று உள்ளேயே சிக்கிக்கொண்டாலோ, முனையில் கறுப்புப் படிந்திருந்தாலோ, ஓரத்தில் விரிசல் இருந்தாலோ ஹோல்டரையே மாற்றுங்கள். தளர்ந்த முனையில் நொடிக்கு நொடி சின்னப் பொறி பறக்கும். குண்டு பல்பு அதைப் பொறுத்துக்கொண்டது. எல்இடியின் உள்ளே மின்சாரத்தை அதற்கேற்ப மாற்றித் தரும் டிரைவர் என்ற சர்க்யூட் பொறுக்காது. "இந்த இடத்தில் மட்டும் எந்த பல்பும் மூன்று மாதம் தாண்டுவதில்லை" என்பதற்கு முதல் சந்தேகம் ஹோல்டர்.

பல்பின் அடியில் வெள்ளைப் பகுதியில் மார்க்கர் பேனாவால் மாட்டிய தேதியை எழுதி வையுங்கள். பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள், வெப்பத்தில் கடை ரசீதின் எழுத்து மறைந்துவிடும். வாரண்டி ஒன்று அல்லது இரண்டு வருடம் இருக்கும், நிரூபிக்க முடியாமல்தான் பலர் அதைக் கைவிடுகிறார்கள்.

டியூப்லைட்டுக்கு இரண்டு வழி

முதல் வழி, பழைய பட்டியை வைத்துக்கொண்டு உள்ளே எல்இடி டியூப் போடுவது. இரண்டாவது, பழையதை முழுதாக இறக்கிவிட்டு எல்இடி பட்டி மாட்டுவது. இரண்டாவதையே எடுங்கள். பழைய பட்டியின் துருவும், தளர்ந்த டியூப் ஹோல்டரும், காய்ந்த ஒயரும் புதுச் செலவில் அதே வீட்டில் தங்குவதில் அர்த்தமில்லை. விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது.

தேவையானவை: டெஸ்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், இன்சுலேஷன் டேப், இரண்டு வழிக் கனெக்டர் ஒன்று, 6 மி.மீ. கான்கிரீட் பிட் போட்ட டிரில், நான்கு பிளாஸ்டிக் பிளக், திருகாணி, ஆடாத மர ஏணி அல்லது ஃபைபர் ஏணி. அலுமினிய ஏணி வேண்டாம்.

சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் நிறுத்திவிட்டு வேலை பார்க்காதீர்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பது அபூர்வமல்ல. அப்படி இருந்தால் சுவிட்ச் நிறுத்தியும் பட்டியில் கரண்ட் இருக்கும். அந்த சர்க்யூட்டின் எம்சிபியை இறக்குங்கள், இன்வெர்ட்டர் இருந்தால் அதன் வெளியீட்டையும் நிறுத்துங்கள். இன்வெர்ட்டர் லைனை மறந்து அடி வாங்கியவர்கள் அதிகம். பிறகு டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள ஒரு பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, பட்டியின் ஒயரில் வைத்துப் பாருங்கள்.

டியூபைக் கால் சுற்று திருப்பி இறக்குங்கள், ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள். ஒயரைப் பிரிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள். வீட்டு ஒயர் இரண்டு உள்ளே வரும். சில இடங்களில் பச்சை எர்த்தும் வரும். பட்டியை இறக்கும்போது ஒருவர் கீழே நின்று பிடித்துக்கொள்ளட்டும், சோக்கு இருக்கும் பக்கம் கனமாகச் சாயும்.

புதுப் பட்டியின் கிளிப்பும் பழைய துளையும் பொருந்தாது. பென்சிலால் கோடு போட்டு, முனையிலிருந்து 15, 20 செ.மீ. உள்ளே தள்ளி இரண்டு கிளிப்புக்கும் துளையிடுங்கள். ஒயர் சுவருக்குள் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்த்து, அதற்கு நேர் மேலோ கீழோ துளையிடாதீர்கள். கிளிப்பைத் திருகி, பட்டியை அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கனெக்டரில் சேர்த்து, ஒயரின் செம்பு வெளியே தெரியாதபடி முடுக்குங்கள். பிளாஸ்டிக் பட்டிக்கு எர்த் முனை இருக்காது. பச்சை ஒயரின் நுனியை டேப் சுற்றித் தனியே மடித்து விடுங்கள். அதை நியூட்ரலாகப் பயன்படுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஆபத்தான பழக்கம், ஆர்சிசிபி (மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிற வீட்டில் மெயினே விழுந்துவிடும்.

எப்படியும் பழைய பட்டியில் எல்இடி டியூப்தான் போடுவேன் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சில டியூப்களுக்கு ஒரே முனையின் இரண்டு பின்னில் ஃபேஸும் நியூட்ரலும் வர வேண்டும். சோக்கு, ஸ்டார்ட்டர் இரண்டும் வெளியே போக வேண்டும். சிலவற்றுக்குச் சோக்கு இருக்கலாம், ஆனால் சாதா ஸ்டார்ட்டருக்குப் பதில் டியூபோடு வரும் டம்மி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். உடன் வரும் படத்தைப் பார்க்காமல் மாட்டினால் ஃபியூஸ் போகக்கூடும். ஒயரிங்கை மாற்றிய பட்டியின் மேல் "எல்இடி மட்டும்" என்று எழுதி ஒட்டுங்கள். நாளை யாரோ பழைய டியூபை அதில் செருகினால் அதன் இழையில் நேரடியாக 230 வோல்ட் பாயும்.

நிறுத்திய பிறகும் மினுங்குகிறதா?

சுவிட்சை நிறுத்தியும் பல்பு மங்கலாக எரிவது எல்இடியில் அடிக்கடி வரும் தொல்லை. குண்டு பல்புக்குப் போதாத துளி மின்சாரம் எல்இடிக்குப் போதும். மூன்று காரணம் உண்டு. சுவிட்சில் சின்ன சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியே கசிகிறது. இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டால் சரியாகும். சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், சுவிட்சை நிறுத்திவிட்டு ஹோல்டர் முனையில் டெஸ்டர் வைத்தால் எரியும். இதை எலெக்ட்ரீஷியனை வைத்துக் கண்டிப்பாக ஃபேஸுக்கு மாற்றுங்கள், மினுங்கலுக்காக மட்டுமல்ல, பல்பு மாற்றுகிறவர் உயிருக்காகவும். இரண்டும் இல்லையென்றால் மாடிப்படி இருவழி சுவிட்ச் போல நீண்ட தூரம் ஒயர்கள் ஒட்டி ஓடும் இடம். அங்கே விளக்குக்குக் குறுக்கே இதற்கென்றே விற்கும் ஒரு சின்னக் கபாசிட்டர் போடலாம். ஃபேஸ் முனையைத் தொடும் வேலை என்பதால் எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

சிமிட்டல் வேறு. டிம்மர் போட்ட இடத்தில் சாதா எல்இடி மாட்டினால் சிமிட்டும், சில வாரத்தில் செத்தும் போகும். 'டிம்மபிள்' என்று எழுதிய பல்பு வேண்டும், அல்லது டிம்மரைக் கழற்றிவிட்டு சுவிட்ச் போட வேண்டும். செல்போன் கேமராவை விளக்கை நோக்கிப் பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுகிறதா என்று பாருங்கள்; அடர்த்தியாக ஓடினால் அந்த பல்பின் டிரைவர் மலிவானது, படிக்கிற இடத்துக்கு ஆகாது. ஃபேன் ஓடும்போது மட்டும் வெளிச்சம் துடித்தால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். விளக்கு ஃபேன் இறக்கைக்கு மேலே இருக்கிறது, இறக்கை நிழல் வெட்டுகிறது. ஃபால்ஸ் சீலிங் போட்ட வீடுகளில் இது சகஜம். விளக்கைச் சுவரில் இறக்கைமட்டத்துக்குக் கீழே மாட்டுவதே தீர்வு.

25,000 மணி நேரம் ஏன் வருவதில்லை

பெட்டியில் போட்ட ஆயுள் எல்இடி சிப்புக்கானது. சாவது பெரும்பாலும் டிரைவர். அதில் உள்ள கபாசிட்டர் சூட்டில் காய்ந்துபோகும். சிப்புகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்று கருகினாலே முழு பல்பும் அணைந்துவிடும். மூடியைத் திறந்தால் ஒரே ஒரு சிப்பில் கரும்புள்ளி தெரியும். மூடிய கண்ணாடி டோமுக்குள்ளும் சின்ன சீலிங் லைட் கூட்டுக்குள்ளும் 12 வாட் பல்பைத் திணிக்காதீர்கள். அங்கே 7 வாட் போதும், அதுவும் மூடிய கூட்டுக்கு ஏற்றது என்று எழுதியதாக இருக்கட்டும். அடுப்புக்கு நேர் மேலே எண்ணெய்ப் படலம் பல்பின் மேல் ஒட்டிச் சூட்டை வெளியே விடாது, மாதம் ஒருமுறை அணைத்து ஆறவைத்து உலர்ந்த துணியால் துடையுங்கள். வெளியே மழை படும் இடத்துக்கு ஐபி65 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) வேண்டும். ஒயர் நுழையும் துளையை ரப்பர் வளையம் போட்டு அடைக்காவிட்டால் எறும்பும் பல்லியும் உள்ளே குடிபோகும்.

பல்புகள் ஒரே நாளில் நாலைந்து போனால், அல்லது சில அறையில் பளீரென்றும் சில அறையில் மங்கலாகவும் எரிந்தால் பல்பை மாற்றிக்கொண்டு நிற்காதீர்கள். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் இப்படித்தான் ஆகும், ஒரு ஃபேஸில் வோல்டேஜ் 300-ஐத் தாண்டும். உடனே மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். டிவி, பிரிட்ஜ் தப்புவது அந்த நிமிடத்தில்தான்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்கு ஒரு கணக்கு: நான்கு சோக்கு டியூப்பும் இரண்டு பழைய ஃபேனும் ஏறத்தாழ 358 வாட். டியூப்களை எல்இடியாக மாற்றினால் 230. பேட்டரி அதே, நேரம் ஒன்றரை மடங்கு. அந்த ஃபேன்களையும் 30 வாட் பிஎல்டிசியாக (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள ஃபேனாக) மாற்றினால் 140-க்கு இறங்கும், ஆனால் அது வேறு வேலை, வேறு செலவு. சதுர அலை இன்வெர்ட்டர் இருந்தால் மிக மலிவான பல்பு வேண்டாம். கபாசிட்டரை மட்டும் நம்பிய டிரைவர் அந்த அலையில் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்துச் சூடாகும்.

கழற்றியதை எங்கே போடுவது

குண்டு பல்பைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடலாம். சோக்கில் செம்பு இருந்தால் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். டியூபும் சிஎஃப்எல்லும் அப்படியல்ல, உள்ளே சிறிதளவு பாதரசம் இருக்கிறது. சட்டப்படி அவை மின்னணுக் கழிவு. உடைக்காமல், புதிது வந்த அட்டைக்குழாயிலேயே போட்டு, உள்ளாட்சியின் மின்னணுக் கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.

கை தவறி உடைந்துவிட்டால் குழந்தைகளை வெளியே அனுப்பி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, நீங்களும் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே இருங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வேக்குவம் கிளீனரும் வேண்டாம், இரண்டும் தூளைக் காற்றில் கிளப்பும். கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, மிச்சத் தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுத்து, கடைசியில் ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். பாயிலோ மெத்தையிலோ தூள் விழுந்திருந்தால் அந்தத் துணியை வாஷிங் மெஷினில் போடாதீர்கள்.